கூரையும் கட்டும்

வீடு என்றதும் சுவரை நினைப்பவர் உளர்; கூரையை நினைப்பவரும் உளர். வன்னி நாட்டவரைப் பெரும்பாலும் இரண்டாம் சாராரோடு சேர்க்கலாம். சுவரில்லாத கொட்டிலில் ஒரு மாரிகாலத்தைக் கழித்தவர் அந்நாட்டிலே பலர். கூரையில்லாத வீட்டில் ஓர் இரவைக் கழிப்பதே அரிது. ஆகவே அங்கே ஒருவர் குடியேறினார் என்பதற்கு அடையாளம் முகடு ஏறியதேயன்றிச் சுவர் எழுந்தது அன்று.

கூரையிடுதற்குத் தமிழில் அமைந்த பழஞ்சொல் வேய்தல் என்பது. பெரும்பாணாற்றுப்படை எயினர் குடியிருப்பைக் கூறுமிடத்து, அக்குடிசை ஈந்தின் இலையால் வேயப்பட்டது என்று கூறுகின்றது. புலவரின் கண் அங்கே இலைமேல் நிற்கின்றது. இலையைப் பிடித்துக்கொண்டிருந்த நார்மேல் நிற்கவில்லை. இது புலவர்க்கு மட்டும் உரிய குறையன்று. வீட்டின் வரலாற்றை எழுதியோரும் ஓலைக் காலம், ஓட்டுக் காலம், தகரக் காலம் என்று வேய்பொருளைக் கொண்டே பகுத்தனர். அப்பொருளைக் கைமரத்தோடு பிணைத்தது எது? கயிறா, ஆணியா, கொக்கியா, அல்லது தன் பாரமேதானா? இந்த வினாவைக் கொண்டு கூரையை நோக்கினால் வேறொரு வரலாறு புலப்படும். அதனைக் கண்டாவளையில் வைத்துக் காண்பது பொருத்தம். ஏனெனில், ஒரு தலைமுறைக்குள்ளாகவே அவ்வூர் மக்கள் இந்நான்கு வகையையும் ஆண்டு பார்த்தனர்.

கண்டாவளை ஆனையிறவுக் கடல்நீரேரிக்கும் சுண்டிக்குளத்துக்கும் தெற்கே பரந்துள்ள வயற்பகுதி. 1984ஆம் ஆண்டில் யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து கிளிநொச்சி பிரிந்து தனி மாவட்டமாயிற்று. அம்மாவட்டத்தின் நான்கு பிரதேச செயலாளர் பிரிவுகளுள் கண்டாவளை ஒன்று. பரந்தன் சந்தியிலிருந்து முல்லைத்தீவை நோக்கிச் செல்லும் பெருவீதி முரசுமோட்டை, தர்மபுரம் வழியாக இப்பிரிவை ஊடறுத்துச் செல்கின்றது. நாகதம்பிரான் கோயிலாற் பெயர்பெற்ற புளியம்பொக்கணையும் இதன்கண் உள்ளது. 1920ஆம் ஆண்டளவில் நிறைவெய்திய இரணைமடுக் குளத்தின் மேலதிக நீரைக் கனகராயன் ஆறு இப்பக்கமாகவே கடல்நீரேரிக்குக் கொண்டுசெல்கின்றது. மலையில்லை, மேடென்று சொல்லத்தக்கதும் அதிகமில்லை. வைகாசி தொடங்கி ஆவணி கடந்தும் சோளகம் வயல்வெளியிலே தடையின்றி வீசும். மாரியிலே வாடை கடல்நீரேரியின் உப்பீரத்தையும் சுமந்துகொண்டு வரும். ஆண்டில் இருமுறை இருவேறு திசையிலிருந்து காற்றை ஏற்கும் கூரை இவ்வூர்க் கூரை.

காற்று கூரையை அழுத்தித் தள்ளுகின்றது என்று எண்ணுவது இயல்பு. உண்மை அதற்குப் பெரிதும் மாறானது. சாய்ந்த முகட்டைத் தாண்டிச் செல்லும் காற்று விரைவு பெறும்போது, கூரையின் மேற்புறத்திலே காற்றழுத்தம் குறைகின்றது. வாயில் வழியாகவும் பலகணி வழியாகவும் புகுந்த காற்றோ உள்ளிருந்து மேல்நோக்கித் தள்ளுகின்றது. இரண்டும் சேர்ந்து கூரையை மேலே இழுக்கின்றன. இவ்விழுப்பு முகட்டோரத்திலும் இறவாரத்திலும் மூலைகளிலும் மிகுதி, நடுவிலே குறைவு. காற்றின் வேகம் இருமடங்கானால் இழுப்பு நான்கு மடங்காகும். எனவே கூரையைப் பொறுத்தவரையில் பிணைப்பின் முதல் வேலை அதனைக் கீழே விழாமல் தாங்குவதன்று, மேலே பறக்காமல் பிடிப்பது.

பழைய வேய்ச்சல்காரர் இதனைக் கணக்கிட்டு அறிந்தவரல்லர்; கைப்பழக்கத்தால் அறிந்தவர். காட்டுத்தடிகளை நட்டு, வளை ஏற்றி, கைமரம் சாய்த்து, அவற்றின்மேல் குறுக்காக வரிச்சுக் கட்டுவர். பின்னர் இறவாரத்திலிருந்து தொடங்கி மேல்நோக்கி வரிவரியாகக் கிடுகை அடுக்குவர். மேல்வரி கீழ்வரியின் பெரும்பகுதியை மூடும். கூரைமேல் ஒருவர், உள்ளே ஒருவர் என இருவர் இருந்து வேலை செய்வர். மேலிருப்பவர் குத்தூசியிலே கயிற்றைக் கோத்துக் கிடுகினூடாக உள்ளே செலுத்துவார். கீழிருப்பவர் அதனை வரிச்சைச் சுற்றி மறுபுறமாகத் திருப்பிக் கொடுப்பார். மேலிருப்பவர் இழுத்து முறுக்கிச் செருகுவார். இருவர்க்கும் இடையே ஓலைத்திரை இருப்பதால் ஒருவர் முகத்தை ஒருவர் காணமாட்டார். குரலும் கயிற்றின் இழுப்புமே செய்தி. இறவாரத்திலும் முகட்டிலும் கட்டு நெருக்கமாக விழும். நடுவிலே ஐதாக விழும். இழுப்பு எங்கே மிகுதி என்று பின்னாளில் ஆய்வுகூடங்கள் அளந்து காட்டிய இடங்களும், வேய்ச்சல்காரர் நெருக்கிக் கட்டிய இடங்களும் ஒன்றே.

கட்டும் கயிற்றிலும் தெரிவு உண்டு. பனை மட்டையிலிருந்து உரித்த நாருக்கு விலையில்லை; கைப்பாடு மட்டுமே. அதனைத் தண்ணீரில் ஊறவிட்டே கட்டவேண்டும். உலர்ந்த நார் முறுக்கும்போது முறியும். ஊறிய நார் வளைந்துகொடுத்து, உலர்ந்தபின் இறுகிப் பிடிக்கும். தென்னந்தும்பில் திரித்த இழைக்கயிறு காசு கொடுத்து வாங்கவேண்டியது. ஆயினும் உப்பீரத்துக்கு அது எளிதில் உக்காது; கடலோரத்தார் அதனை விரும்பியதற்குக் காரணம் இதுவே. ஒரே வீட்டில் முகட்டுக்கும் இறவாரத்துக்கும் இழைக்கயிறும் நடுவரிகளுக்கு நாருமாகக் கட்டுவது சிக்கனக்காரரின் வழி. காசை எங்கே செலவிடவேண்டும் என்று அறிந்த சிக்கனம் அது.

கட்டுக் கூரையை வறியோர் கூரை என்று இழித்துரைப்பது பின்னாளிலே வந்த வழக்கம். அதன் குணங்களை நோக்கினால் அவ்வாறு சொல்ல மனம் வராது. ஓலை வேய்ச்சல் முழுவதும் சிறு துளைகள் நிறைந்தது. உள்ளே சேரும் காற்று அவற்றினூடாகக் கசிந்து வெளியேறும். காற்று அளவுமீறினால் முதலில் இலை கிழியும், அடுத்துக் கட்டு அறும். கைமரமும் வளையும் பெரும்பாலும் நிற்கும். பறந்து வரும் கிடுகு ஒருவர்மேல் விழுந்தால் அவர் உயிர் பிழைப்பார். மறுநாள் காலையிலே அயலார் நால்வர் கூடினால் கிழிந்த பக்கத்தை மூடிவிடலாம். சேதம் எங்கே நிகழவேண்டும், எந்த ஒழுங்கில் நிகழவேண்டும் என்பதை அக்கட்டே தீர்மானித்தது. கூரை அறுந்தது, வீடு அறவில்லை.

குறை இல்லாமலில்லை. தீ ஒரு பொறியிலே பற்றும். கறையான் ஏறும், எலி குடியிருக்கும், அதனைத் தேடிப் பாம்பு வரும். எல்லாவற்றினும் பெரிய குறை, கிடுகு ஓராண்டு இரண்டாண்டுக்குமேல் நில்லாமை. பனையோலை சற்றுக் கூடுதலாக நிற்கும். மாரிக்கு முன்னே வேய்ந்தாகவேண்டும். அதே காலத்தில் வயல் உழவும் விதைப்பும் வந்து நெருக்கும். ஒரு வீட்டை வேய நாலைந்து பேரின் கைகள் வேண்டும். இன்று அவர் வீட்டுக்கு இவர், நாளை இவர் வீட்டுக்கு அவர் என்று கடன்பட்டும் கடன் தீர்த்தும் நடந்த வேலை அது. கூலி கொடுத்தே ஆள் பிடிக்கவேண்டிய காலம் வந்தபோது, கட்டுக் கூரைக்குச் செலவில்லை என்ற பேச்சு பொய்யாயிற்று. ஓலை வீட்டை விட்டு மக்கள் விலகியதற்கு நாகரிக ஆசையைக் காரணமாகக் கூறுவர் சிலர். ஐப்பசி மாதத்திலே வேய்ச்சலுக்கு ஆள் தேடி அலைந்தவரைக் கேட்டால் வேறு காரணம் சொல்வார்.

கட்டுக்குத் துணையாகப் பாரத்தை ஏற்றுவதும் உண்டு. கரையோரத்து மீனவர் பழைய வலையை முகட்டின்மேல் விரித்து, அதன் ஓரங்களில் கல்லையோ மண்மூடையையோ தொங்கவிடுவர். தனித்தனிக் கட்டுகள் ஒவ்வோரிடத்தைப் பிடிக்க, வலை கூரை முழுவதையும் ஒருசேரப் பிடிக்கின்றது. வயற்புறத்தாரோ வலையில்லாமையால் நீண்ட தடிகளை இரண்டிரண்டாகப் பிணைத்து முகட்டின் இருபுறமும் சாயப்போடுவர். கட்டும் பாரமும் கலந்த முறை இது.

பாரத்தை மட்டுமே நம்பியது ஓடு. பிரான்சு நாட்டு அல்சாசுப் பகுதியிலே கிலார்டோனி சகோதரர் ஒன்றோடொன்று பொருந்தும் தட்டை ஓட்டுக்கு 1841ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றனர். அவ்வகை ஓட்டைப் பாசல் மிசனார் 1865ஆம் ஆண்டில் மங்களூரிலே சுடத் தொடங்கினர். பின்னர் கள்ளிக்கோட்டையிலும் சூளைகள் எழுந்தன; கப்பலேறி இலங்கைக்கு வந்த ஓட்டுக்குக் கள்ளிக்கோட்டை ஓடு என்ற பெயரே நிலைத்தது. நாளடைவில் இலங்கையின் மேற்குக் கரையிலும் வன்னியில் ஒட்டுசுட்டானிலும் ஓட்டுத் தொழிற்சாலைகள் அமைந்தன. இவ்வோட்டின் அடியிலே ஒரு சிறு மூக்கு உண்டு. அம்மூக்குச் சிலாகையிலே தொங்கும். வேறு பிணைப்பு இல்லை. ஒரு சதுர மீற்றர் ஓட்டுக் கூரை ஏறத்தாழ 40 கிலோகிராம் எடையுள்ளது. அந்த எடையே அதற்கு ஆணி.

கம்பியிட்டுக் கட்டுவதற்கென்று ஓட்டின் அடியிலே ஒரு துளையும் வைத்தே சுடுவதுண்டு. செய்தவர் காற்றை மறக்கவில்லை, வாங்கியவர் மறந்தனர். அத்துளையிலே கம்பி கோத்தவர் மிகச் சிலரே. பெருங்காற்றில் இறவாரத்து ஓடு ஒன்று கிளம்பினால், அந்த வாயில் வழியே காற்று நுழைந்து அடுத்த வரியைக் கிளப்பும். ஆயினும் ஓடு ஒவ்வொன்றாகக் கழற்றத்தக்கது. உடைந்ததை மட்டும் மாற்றலாம். இந்த எளிமையை மனிதரினும் நன்றாக அறிந்தவை வன்னிக் குரங்குகள். காற்றால் விழுந்த ஓட்டினும் குரங்கால் விழுந்த ஓடு மிகுதி என்று கூறும் வீட்டுக்காரர் அங்கே பலர். ஓட்டுக்கு வேண்டிய மரச்சட்டம் வலியது. பனஞ்சிலாகையும் பாலையும் முதிரையும் தேடித் தச்சரை அமர்த்தக்கூடியவர்க்கே அது எட்டியது. நெல் விலைப்பட்ட ஆண்டிலே ஓடு ஏறும். விலைப்படாத ஆண்டிலே கிடுகு மறுபடியும் ஏறும்.

தகரம் வந்தது வேறு வழியால். இலண்டன் துறைமுகக் கம்பனியிலே பொறியியலாளராயிருந்த என்றி றொபின்சன் பாமர் என்பவர் 1829ஆம் ஆண்டில் நெளிவுத் தகட்டுக்குக் காப்புரிமை பெற்றார். பிரான்சியரான சொறெல், இரும்புக்கு நாகம் பூசும் முறைக்கு 1837ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். இவ்விரண்டும் சேர்ந்து உலகத்தின் குடியேற்ற நாடுகளையெல்லாம் மூடின. தகரத்தின் எடை சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 5 கிலோகிராம். ஓட்டின் எடையில் எட்டிலொன்று. தன் பாரத்தால் அது நில்லாது. ஓலையைப்போற் காற்றைக் கசியவிடவும் அதற்குத் தெரியாது. ஆகையால் பிணைப்பையே முழுவதும் நம்பிய முதற்கூரை தகரக் கூரை எனலாம்.

தகரத்தை எப்படிப் பிணைப்பது என்பதிலே தெரிவுகள் பல. நெளிவின் பள்ளத்திலே ஆணி அடித்தால் தகடு மரத்தோடு ஒட்டிக்கொள்ளும், பிடிப்பு உறுதி. ஆனால் மழைநீர் ஓடுவது பள்ளத்திலேதான். ஆகவே சுவருக்கு அடிக்கும் தகட்டில் பள்ளத்திலும், கூரைத் தகட்டில் மேட்டிலும் ஆணி அடிப்பது முறையாயிற்று. மேட்டில் அடித்த ஆணியின் கீழே வெற்றிடம் இருக்கும். ஓங்கி அடித்தால் மேடு நசுங்கும். மெதுவாக அடித்தால் இடைவெளி நிற்கும். இதற்காகவே குடைபோன்ற தலையுள்ள ஆணியும், அதன் கீழே இட றப்பர் அல்லது தார்ச் சீலை வாசரும் வந்தன. அவை கிடையாத ஊரிலே பழைய சைக்கிள் ரியூபையும் தேய்ந்த செருப்பையும் வட்டமாக வெட்டி இட்டனர். சோடாப் போத்தலின் மூடியைக் கவிழ்த்து ஆணி அடித்தவரும் உளர். இதனை ஏழைமையின் வேடிக்கையாகக் கருதவேண்டியதில்லை. ஆணித்தலையின் இழுப்பைப் பரந்த இடத்திலே பகிர்ந்து கொடுக்கவேண்டும் என்ற விதி அந்த மூடியிலே நிறைவேறுகின்றது.

வன்னியில் இன்னொரு தொல்லையும் உண்டு. பனையின் வெளிவைரத்திலே ஆணி வளையும். உள்மரமோ மென்மையானது, ஆணியைப் பிடித்துவைக்காது. முதிரையிலும் பாலையிலும் துளையிடாமல் ஆணி இறங்காது. உருண்ட காட்டுத்தடியின்மேல் தகடு நேராக அமர்வதும் அரிது. ஆணிக்கென்று பிறந்த தகரமும் கட்டுக்கென்று பிறந்த மரமும் இங்கே சந்தித்தன. பலர் கண்ட வழி, தகட்டிலே இரு துளையிட்டுக் கட்டுக்கம்பியைத் தடியைச் சுற்றி முறுக்குவது. வேய்பொருள் மாறியபின்னும் வேய்ச்சல்காரரின் கை பழைய வழக்கத்தையே தேடிற்று. இரும்புச் சட்டமுள்ள பெரிய கட்டடங்களில் கொக்கிபோல வளைந்த திருகாணியால் தகட்டைச் சட்டத்தோடு மாட்டினர். அம்முறை குடியானவரின் வீட்டுக்கு நெடுநாள் வரவில்லை.

1964ஆம் ஆண்டு மார்கழி 22ஆம் 23ஆம் நாட்களில் வீசிய பெரும்புயல் இலங்கையின் வடபகுதியைக் குறுக்காகக் கடந்து பாம்பனை அடைந்தது. தனுக்கோடி அழிந்ததும், பயணிகளோடு சென்ற புகைவண்டி கடலிலே போனதும் தமிழுலகம் முழுவதும் அறிந்த செய்தி. 1978ஆம் ஆண்டு கார்த்திகையிலே மட்டக்களப்பை மற்றொரு புயல் தாக்கியது. இத்தகைய புயல்களிலே தகடு பறப்பது உயிருக்கே ஆபத்து. காற்றிலே சுழலும் தகட்டின் விளிம்பு வாளாகின்றது.

தகடு ஏன் பறக்கின்றது என்பதற்குத் தெளிவான விடை கிடைத்தது அவுத்திரேலியாவின் தார்வின் நகரிலே. 1974ஆம் ஆண்டு நத்தார் நாளன்று அந்நகரை ரேசி என்னும் புயல் தாக்கியது. மணிக்கு 217 கிலோமீற்றர் வேகத்தைப் பதிந்தபின் காற்றுமானியே பழுதாயிற்று. நகரத்து வீடுகளிற் பெரும்பகுதி அழிந்தது. ஆராய்ந்த பொறியியலாளர் ஆணி வலிமையற்றது என்றோ தகடு மெலிந்தது என்றோ மட்டும் கூறி முடிக்கவில்லை. காற்று ஒரே சீராக இழுப்பதில்லை, விட்டுவிட்டு இழுக்கின்றது. ஒவ்வோர் இழுப்பிலும் பிணைப்பைச் சுற்றியுள்ள தகடு சற்றே வளைந்து மீளுகின்றது. ஆயிரக்கணக்கான தடவை வளைந்து மீண்டபின் அங்கே நுண்ணிய வெடிப்புத் தோன்றுகின்றது. ஈற்றிலே பிணைப்பு மரத்திலேயே நிற்க, தகடு மட்டும் அதன் தலையினூடாகக் கிழிந்து பறக்கின்றது. கம்பியை மடித்து மடித்து முறிப்பதுபோன்றது இது. அதன் பின்னர் அங்கே கூரைத் தகட்டை மீண்டும் மீண்டும் இழுத்துச் சோதிக்கும் முறையும், புயலுக்கென்று அகன்ற வாசரும் வழக்கிற்கு வந்தன. நாரிலே இந்தக் களைப்பு இவ்வாறு நேர்வதில்லை. நெகிழ்ந்து கொடுப்பது அதன் இயல்பு. நெகிழ்ச்சியைத் தளர்ச்சி என்று எண்ணியது ஆணிக்காரரின் பிழை.

கண்டாவளையின் கூரைகளுக்கு மிகப்பெரிய சோதனையாக வந்தது புயலன்று, போர்.

2008ஆம் ஆண்டிலே போர்முனை மேற்கு வன்னியிலிருந்து நகர்ந்தபோது, மக்கள் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்தனர். உழவு இயந்திரப் பெட்டிகளிலே நெல்மூடையும் சமையற் பாத்திரமும் ஏறின. அவற்றோடு கதவும் நிலையும், கழற்றிய ஓடும் தகரமும் ஏறின. வீட்டை விட்டுச் செல்வோர் கூரையைக் கழற்றிக்கொண்டு செல்வதை அயல்நாட்டார் வியந்து நோக்கினர். வன்னியாரின் கணக்கு எளியது: போகும் இடத்திலே தடி கிடைக்கும், மண் கிடைக்கும்; கூரை கிடையாது. அப்போதுதான் பிணைப்பின் வேறொரு குணம் வெளிப்பட்டது. எது உறுதியாகப் பிடிக்கும் என்ற கேள்வி பின்னுக்குப் போயிற்று. எது விரைவாகக் கழலும் என்ற கேள்வி முன்னுக்கு வந்தது. ஓடு கையாற் கழன்றது. ஆனால் ஏற்றி இறக்குவதில் உடைந்தது. கிடுகு கழன்றது; ஆனால் மறுமுறை வேயத் தக்கதாக எஞ்சவில்லை. தகரம் பாரமின்றி ஏறியது. எனினும் ஆணியைப் பிடுங்கும்போது மேடு நசுங்கியது, துளை விரிந்தது. புதிய இடத்துத் தடிகள் பழைய துளைகளுக்கு நேரே அமைவதில்லையாதலால் புதிய துளைகள் இடவேண்டியதாயிற்று. ஒரு குடும்பம் எத்தனை தடவை இடம்பெயர்ந்தது என்பதை அதன் தகரத்திலுள்ள துளைவரிசைகளை எண்ணிச் சொல்லிவிடலாம்.

அவ்வாண்டு புரட்டாதியிலே ஐக்கிய நாடுகள் நிறுவனங்கள் வன்னியை விட்டு வெளியேறின. ஐப்பசி முடியுமுன்னே தர்மபுரத்தைச் சூழ்ந்த வயலும் காடும் வீதியோரமும் தறப்பாளால் நிறைந்தன. கார்த்திகை மாத இறுதியிலே நிசா என்னும் புயல் இலங்கையின் வடபகுதியிலே பெருமழையைக் கொட்டியது. தறப்பாளின் பிணைப்பு, அதன் ஓரத்திலுள்ள உலோகக் கண்களிலே கட்டும் கயிறு. உதவி நிறுவனங்கள் வழங்கும் நாலு மீற்றர் அகலமும் ஆறு மீற்றர் நீளமுமுள்ள விரிப்பிலே, கட்டுவதற்கென்றே தடித்த பட்டிகள் இழைக்கப்பட்டிருக்கும். பட்டியல்லாத இடத்திலே ஆணி அடித்தால் முதற்காற்றிலேயே நெடுகக் கிழியும். கண் பிய்ந்துபோன விரிப்புக்கும் ஒரு வழி உண்டு. மூலையிலே ஒரு சிறு கல்லை உள்ளே வைத்து, விரிப்பை அதன்மேற் பொதிந்து, அப்பொதியின் கழுத்திலே கயிற்றைக் கட்டுவது. துளையே இல்லாத கட்டு அது. இழுக்க இழுக்கக் கல் இறுகும். உலகமெங்கும் கூடாரம் அடிப்போர் அறிந்த இம்முறையைக் கற்பிக்க யாரும் வேண்டியதில்லை.

2009ஆம் ஆண்டு தை மாதம் முதலாம் நாள் பரந்தனும், மறுநாள் கிளிநொச்சியும் அரசபடையின் வசமாயின. கிளிநொச்சி மருத்துவமனை தர்மபுரத்துக்கு மாறியிருந்தது. அம்மாத நடுவிலே தர்மபுரமும் நிலைக்கவில்லை. கண்டாவளையார் விசுவமடுவைக் கடந்து கிழக்கே கடலை நோக்கிச் சென்றனர். அப்பாதையிலே தகரங்கள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன. கடைசியில் மக்களுக்குக் கூரையாயிருந்தது பதுங்குகுழியின் மூடி. பனங்குற்றிகளைக் குறுக்காக இட்டு, அவற்றின்மேல் மண்மூடைகளை அடுக்கினர். ஆணியில்லை, கயிறில்லை, பாரம் மட்டுமே. கடற்கரை மணலிலே பனங்குற்றியும் கிடைக்காமற் போயிற்று. சாக்கும் தீர்ந்தபோது பெண்கள் தங்கள் சேலைகளைக் கிழித்துப் பைகளாகத் தைத்து மணல் நிரப்பினர். கூறைச் சேலையும் அவற்றிலே இருந்தது. அவ்வாண்டு வைகாசியிலே போர் முடிந்தது. உயிரோடு எஞ்சியோர் வவுனியாவுக்கு அப்பாலுள்ள மெனிக் பாம் முகாமிலே வெள்ளைத் துணிக் கூடாரங்களின் கீழ்த் தங்கவைக்கப்பட்டனர். கூடாரத்தின் கட்டு நிலத்திலே அறைந்த முளையை நம்பியது. வவுனியாவின் இறுகிய மண் மாரியிலே சேறானபோது முளை கழன்றது.

2009ஆம் ஆண்டின் இறுதியிலும் 2010ஆம் ஆண்டிலும் மக்கள் தங்கள் ஊர்களுக்குத் திரும்பலாயினர். வளவுகளிலே சுவர்கள் நின்றன, முகடுகள் இல்லை. எறிகணைகளாலே தலையிழந்த பனைகள் வரிசையாக நின்றன, தென்னைகளும் அவ்வாறே. கிடுகு பின்ன ஓலை அரிது. நார் உரிக்க மட்டை அரிது. ஒரு காலத்திலே விலையில்லாதிருந்த பொருள்தான் இப்போது கிடைக்காத பொருள். உதவியாகத் தறப்பாளும் தகரமும் கிடைத்தன. அத்தகரத்தை அடித்த விதத்திலே முன்னைய ஆண்டுகளின் அச்சத்தைக் காணலாம். பலர் முழுமையாக ஆணி அடிக்கவில்லை. ஓரங்களை மட்டும் கம்பியாற் கட்டி, மேலே கல்லும் பழைய சைக்கிள் ரயரும் ஏற்றிவைத்தனர். சோம்பல் என்று அதனைக் குறைகூறிய வெளியூர்ப் பார்வையாளர்கள் இருந்தனர். மீண்டும் கழற்றவேண்டி வருமோ என்று ஐயுறும் ஒருவர் ஆணியை ஆழ அடிப்பாரா?

இந்திய அரசின் வீடமைப்புத் திட்டம் மொத்தம் 50,000 வீடுகளைக் கருதியது. முதலில் 1,000 வீடுகள் முன்னோடியாகக் கட்டப்பட்டன. பெருந்தொகையான வீடுகளுக்குரிய அடுத்த கட்டம் 2012ஆம் ஆண்டு ஒக்டோபர் 2ஆம் நாள் தொடங்கியது. ஒரு வீட்டுக்கு இலங்கை நாணயத்தில் 5,50,000 ரூபா. அப்பணம் கட்டடம் எழும் படிமுறைக்கேற்பப் பயனாளியின் கணக்கிலே சேர்ந்தது. இத்திட்டத்தின் சிறப்பு, வீட்டுக்காரரே கொத்தனையும் தச்சனையும் தேர்ந்து, மரமும் ஓடும் வாங்கித் தம் வீட்டைக் கட்டியது. அதற்குள் சீமெந்தும் மணலும் விலையேறியதால், கைக்காசு சேர்த்தும் கடன்பட்டும் முடித்தவர் பலர். ஆனால், கூரையை எதனாற் பிணைப்பது என்ற தெரிவு நெடுங்காலத்தின்பின் வீட்டுக்காரரின் கைக்கு மீண்டது.

அத்தெரிவிலே ஒரு புதிய அறிவும் சேர்ந்துகொண்டது. கூரைப் பொருளைச் சிலாகையோடு பிணைத்தால் மட்டும் போதாது. சிலாகையைக் கைமரத்தோடும், கைமரத்தைச் சுவரின் மேலுள்ள கொங்கிறீற்று வளையத்தோடும், அவ்வளையத்தைத் தூணின் கம்பியோடும், தூணை அத்திவாரத்தோடும் தொடராகப் பிணைக்கவேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி விட்டாலும் கூரை முழுவதும் எழும். கைமரத்தைச் சுவரோடு பிணைக்க இரும்புப் பட்டி அல்லது வளையத்திலே முன்னரே புதைத்துவிட்ட கம்பி பயன்படும். அக்கம்பியைக் கைமரத்தின்மேல் மடக்கி முறுக்கும் கொத்தன், பழைய குத்தூசிக்காரர் செய்ததையே செய்கின்றான். அவனுக்கு அது தெரிந்திருக்கவேண்டியதில்லை.

வளவின் பின்புறத்திலே தனியாக நிற்கும் அடுக்களைக் கொட்டிலுக்கு ஓடோ தகரமோ ஏற்றுவதைப் பலர் இன்றும் விரும்புவதில்லை. விறகுப் புகை கசிந்து வெளியேறக் கிடுகே ஏற்றது. நண்பகலிலும் அதன் கீழே இருக்கமுடியும். மறுபடியும் நட்ட தென்னைகள் காய்க்கத் தொடங்கியபின் கிடுகும் மெல்லத் திரும்பியது. ஆனால் அதனைக் கட்டும் கயிறு மாறிவிட்டது. நாரை ஊறவைக்க நேரமில்லாதவர் கடையிலே நைலோன் கயிற்றை வாங்குகின்றனர். சிலர் மெல்லிய கட்டுக்கம்பியை. நைலோன் உக்காது என்பது உண்மை. ஆயினும் வழுக்கும் இயல்பினதாகையால் முறுக்கிச் செருகிய கட்டு அதிலே நில்லாது, முடிச்சிடவேண்டும். வெயிலிலே சில ஆண்டுகளில் நொறுங்கும். கம்பியோ ஓலையை அறுக்கும். வாடையின் உப்பீரத்திலே துருவேறும். பழைய கிடுகைக் களைந்து புதியது வேயும் நாளிலே, நார்க்கட்டானால் கத்தியாற் கீறிவிட்டு எல்லாவற்றையும் ஒன்றாக அள்ளி வாழைக்கும் தென்னைக்கும் பசளையாகப் போடலாம். கம்பிக்கட்டானால் துண்டுகளைப் பொறுக்கவேண்டும். பிள்ளைகள் வெறுங்காலோடு நடக்கும் முற்றம் அது. இதனாலேயே புளியம்பொக்கணைப் பக்கத்து முதியோர் சிலர் பனைமட்டையைத் தேடி எடுத்துக் கிணற்றடித் தொட்டியிலே ஊறப்போடுகின்றனர்.